ஜப்பான் ஏலத்திலிருந்து லண்டன் வாசல் வரை: தரகர் மூலம் பழைய கார் இறக்குமதி செய்ய முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டொயோட்டா அல்ஃபார்ட் என்ற குடும்ப வேனை, அங்குள்ள ஏலத் தரகர் மூலம் பிரிட்டனுக்குக் கொண்டுவருவதைப் பற்றி எழுதுகிறேன். எஸ்டிமா, எல்கிராண்ட் என்று வேறு எந்த வண்டியானாலும் வழி இதுதான். என்னுடையதையும் சேர்த்து ஆறு வண்டிகளுக்கு இந்த அலைச்சலில் கூட இருந்திருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லோரும் செய்தது ஒரே தப்பு: முதலில் வண்டியைப் பிடித்துப்போய்விடும், கணக்கு அப்புறம் வரும். அதைத் தலைகீழாக்குங்கள். வீட்டு வாசலில் ஆரம்பித்து ஏலத்தை நோக்கிப் பின்னால் நடந்து வரவேண்டும்.

1. வண்டிப் படங்களைத் திறக்கும் முன்

முதலில் வயது. தயாரித்துப் பத்து ஆண்டு நிறைந்த கார் என்றால் ஐவிஏ என்ற தனி ஒப்புதல் சோதனை தேவையில்லை, வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வழக்கமான எம்ஓடி சோதனை போதும். பத்து நிறையவில்லை என்றால் ஐவிஏ கட்டாயம். அதற்கு ஆகும் செலவும் காத்திருப்பும் முதல் தடவை செய்பவருக்கு ஏற்றதல்ல. பத்தாண்டு நிறைய இரண்டு மாதம் இருக்கும் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கப்பல் வருவதற்குள் நிறைந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். கப்பல் சீக்கிரம் வந்துவிட்டது.

அடுத்து யூலெஸ், அதாவது அதிகம் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. தகுதியில்லாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். ஜப்பானிய வண்டிகளின் பதிவில் யூரோ தரம் (ஐரோப்பியப் புகை அளவுத் தரம்) இருக்காது என்பதால், பெட்ரோல் ஹைப்ரிட்டைக்கூட யூலெஸ் இணையதளம் தகுதியில்லை என்று காட்டக்கூடும். நைட்ரஜன் ஆக்ஸைடு கிலோமீட்டருக்கு 0.08 கிராமுக்குள் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டினால் மாற்றித் தருவார்கள். அந்த ஆதாரம் உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள். டீசல் அல்ஃபார்ட் கிடையாது, ஆனால் வேறு வேன்களில் டீசல் உண்டு. லண்டன்வாசிகள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். விலை ஒப்பிடும் தளங்கள் பலவற்றில் இந்த மாடலின் பெயரே இருக்காது. இறக்குமதி வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் தருபவர்களைப் போனில் அழைத்து, மாடல், வருடம், எஞ்சின் சொல்லி ஒரு தொகை வாங்கிவையுங்கள். நம்பர் பிளேட் வருவதற்கு முன் சேசிஸ் எண்ணை வைத்துக் காப்பீடு தருவார்களா என்பதையும் அதே அழைப்பில் கேளுங்கள். ஒன்பதாவது படியில் அது வேண்டியிருக்கும்.

2. தரகரின் வேலை எங்கே முடிகிறது?

யுஎஸ்எஸ், டிஏஏ, ஜேயூ போன்ற ஜப்பானிய ஏலங்களில் உறுப்பினர்கள் மட்டும்தான் கேட்க முடியும். தரகர் தேவைப்படுவது அதனால்தான். உங்களுக்காக ஏலம் கேட்பார், வண்டியைத் துறைமுகத்துக்கு அனுப்புவார், ஜப்பானியப் பதிவை ரத்துசெய்து ஏற்றுமதிச் சான்று வாங்குவார், கப்பலில் இடம் பிடிப்பார். பெரும்பாலான தரகர்களுக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே சுங்கத்தில் விடுவிப்பது கிளியரிங் ஏஜென்ட்டின் வேலை. ஃபாக் லைட் (பனிமூட்ட விளக்கு) மாட்டி எம்ஓடிக்குத் தயார் செய்வது இங்குள்ள கராஜின் வேலை. இந்த மூன்று பேரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்வதுதான் புதியவர்களின் பெரிய குழப்பம். வீடு வரைக்கும் எல்லாம் நானே என்று ஒருவர் சொன்னால் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். சரி, அதை வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

எழுத்தில் கேட்க வேண்டியவை சில. அவருடைய கட்டணம் நிலையான தொகையா, விலையில் சதவீதமா? ஏலத்தில் வென்ற விலைக்கான ரசீதைக் காட்டுவாரா? வண்டியின் நிலையை ஏலக்காரர்கள் குறித்துத் தரும் ஆக்ஷன் ஷீட்டில் எழுதியிருப்பதை முழுவதும் மொழிபெயர்ப்பாரா? எத்தனை தடவை தோற்றாலும் முன்பணம் திரும்ப வருமா? இன்னொன்றும் உண்டு, பலர் கேட்பதே இல்லை: ஜப்பானில் கட்டும் 10 சதவீத நுகர்வு வரி ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும். மறுசுழற்சிக் கட்டணமும் அப்படித்தான். அந்தப் பணம் யாருக்கு? தனக்குத்தான் என்று சொல்லும் தரகர் மோசக்காரர் என்று அர்த்தமில்லை. அவருடைய கட்டணம் ஏன் அவ்வளவு குறைவு என்பது உங்களுக்குப் புரிந்துவிடும், அவ்வளவுதான்.

3. வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்கு

கையில் 12,000 பவுண்ட் இருக்கிறது என்று வைப்போம். எண்கள் உதாரணத்துக்கு. உங்களுடையதை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பிரிட்டன் செலவைக் கழியுங்கள். துறைமுகமும் கிளியரிங்கும் 350, வீட்டுக்குக் கொண்டுவர 250, ஃபாக் லைட், மைல் மீட்டர், சர்வீஸ், எம்ஓடி எல்லாம் 600, பதிவுக் கட்டணம் 55, ஒரு வருடச் சாலை வரி 400, கைக்காவலுக்கு 500. மொத்தம் 2,155 போனால் மிச்சம் 9,845.

அடுத்து வரி. காருக்குச் சுங்கம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகைக்கு வாட் 20 சதவீதம். ஆக, 1.10-ஐ 1.20-ஆல் பெருக்கினால் 1.32. 9,845-ஐ 1.32-ஆல் வகுத்தால் சுமார் 7,458 வரும். வண்டி, கப்பல் கூலி, கடல் காப்பீடு எல்லாம் இதற்குள் முடியவேண்டும். கப்பலுக்கும் காப்பீட்டுக்கும் 1,500 போனால் 5,958. ஜப்பான் பக்கம் ஏலக் கட்டணம், உள்நாட்டு லாரி, ஏற்றுமதிக் காகிதம், தரகர் கட்டணம் என்று 900 போனால் மிச்சம் 5,058.

12,000 வைத்திருப்பவர் ஏலத்தில் கேட்கக்கூடியது 5,000 சொச்சம்தான். இந்த எண் தெரியாமல் 9,000 பவுண்ட் வண்டிகளின் படத்தைக் குடும்பத்துக்குக் காட்டிவிட்டால், அப்புறம் கீழே இறங்குவது கஷ்டம்.

இரண்டு எச்சரிக்கை. ஜப்பானில் செய்த வண்டிதானே, பிரிட்டன்-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தப்படி சுங்கம் கிடையாதே என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகைக்கு அது ஜப்பான் தயாரிப்பு என்ற முறையான மூலச் சான்று வேண்டும். ஏலத்தில் எடுத்த பழைய வண்டிக்கு அதைத் தருவாரா என்று தரகரிடம் கேளுங்கள். உறுதியான பதில் வராவிட்டால் 10 சதவீதம் என்றே போடுங்கள். இரண்டாவது, ரசீதில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடமிருந்து விலகிவிடுங்கள். சுங்கத்திடம் பொய் சொன்னவராக மாட்டப்போவது அவரல்ல, நீங்கள்.

4. ஆக்ஷன் ஷீட்டை வாசிப்பது

ஏலச்சீட்டு என்று எழுதலாம் என்று பார்த்தேன். நம்மவர்களுக்கு அது வேறு விஷயத்தை நினைவுபடுத்தும் என்பதால் ஷீட் என்றே சொல்கிறேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் வாங்கும் உங்களுக்கு இருக்கும் ஒரே கண் அந்த ஒற்றைத் தாள். இங்கே நேரம் செலவழியுங்கள்.

மேல் மூலையில் ஒரு தர எண் இருக்கும். 4.5 மிகச் சுத்தம், 4 நல்லது, 3.5 என்றால் கீறலும் நெளிசலும் கண்ணில் படும். ஆர், ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் வண்டியின் அடிச்சட்டகம் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. உள்பக்கத்துக்கு ஏ, பி, சி, டி என்று தனி எழுத்து. ஒவ்வொரு ஏல நிறுவனமும் தரத்தைக் கொஞ்சம் வேறுமாதிரி போடும், ஆகவே எந்த ஏலம் என்பதையும் பாருங்கள்.

இன்னொரு மூலையில் இருப்பது கார் வரைபடம், மேலிருந்து பிரித்து வைத்த மாதிரி. ஏ கீறல், யூ நெளிசல், பி கீறலோடு நெளிசல், டபிள்யூ பெயிண்ட் அலையலையாகத் தெரியும் பழைய ரிப்பேர், எஸ் துரு, சி அரிப்பு. பக்கத்தில் 1, 2, 3 என்று அளவு: ஏ1 சின்னக் கீறல், ஏ3 பெரியது. எக்ஸ் மாற்றவேண்டிய பாகம், எக்ஸ்எக்ஸ் ஏற்கெனவே மாற்றியது. கதவில் யூ1, ஏ1 என்று பத்து இருந்தால்கூடக் கவலைப்படாதீர்கள், பன்னிரண்டு வயது வண்டிக்கு அது சகஜம். பயப்படவேண்டியது எஸ், சி இரண்டுக்கும்தான்.

இப்போது பலர் விட்டுவிடும் இடத்துக்கு வருகிறேன். பரிசோதகர் கையால் கிறுக்கியிருக்கும் ஜப்பானியக் குறிப்பு. தரகர்கள் பலர் தரம், கிலோமீட்டர், நிறம் மூன்றையும் மொழிபெயர்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். என் முதல் வண்டி அப்படித்தான் வந்தது. தரம் 4, உள்பக்கம் பி, படத்தில் முத்து வெள்ளை பளபளத்தது. வந்து இறங்கி எம்ஓடி லிஃப்டில் ஏற்றியபோது மெக்கானிக் டார்ச்சை அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பின் சஸ்பென்ஷன் கை முழுக்க ஆரஞ்சு நிறம், விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. வீட்டுக்கு வந்து ஷீட்டைப் பெரிதாக்கி ஜப்பானியம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது: ஷிதா மவாரி சபி. அடிப்பக்கத்தில் துரு. தரகரிடம் கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார். கேட்கவில்லைதான்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ஹொக்கைடோ, தொஹோகு, நீகாதா போன்ற பனிப்பிரதேசங்களில் குளிர்காலச் சாலையில் பனி உருக்கும் உப்பைத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டி மேலே மின்னும், கீழே தின்னப்பட்டிருக்கும். ஏலம் நடக்கும் ஊரை வைத்து மட்டும் முடிவுசெய்யாதீர்கள், வண்டிகள் ஊர்விட்டு ஊர் வந்து விற்கப்படும். அடிப்பக்கத்தைப் பார்த்துப் படம் எடுத்துத் தர ஆள் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். தனிக் கட்டணம் வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள். போகிற ஆளிடம் நான் சொல்லிவிடுவது நான்கு: அடிப்பக்கம், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் சத்தம், ஏசி, தானாகத் திறக்கும் ஸ்லைடிங் கதவுகள் இரண்டும்.

கிலோமீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் குறியோ குறிப்போ இருந்தால் அது என்ன என்று கேட்காமல் நகராதீர்கள். மீட்டர் மாற்றியது, ஓடிய தூரம் தெரியாதது எல்லாம் அங்கேதான் எழுதப்படும்.

சேசிஸ் குறியீட்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறை அல்ஃபார்டில் ஏஎன்எச்20 என்றால் 2.4 லிட்டர், ஜிஜிஎச்20 என்றால் 3.5 லிட்டர், ஏடிஎச்20 ஹைப்ரிட். இன்ஷூரன்ஸ், யூலெஸ், நாளை வாங்கப்போகும் உதிரிபாகம், எல்லாவற்றுக்கும் கேட்கப்படுவது இந்தக் குறியீடுதான். விற்பனைப் பெயரை மட்டும் சொன்னால் தப்பான பாகம் வந்து சேரும்.

5. ஏல இரவு

ஜப்பான் நமக்கு ஒன்பது மணி நேரம் முன்னால், கோடையில் எட்டு. யுஎஸ்எஸ் டோக்கியோ ஏலம் வியாழக்கிழமை. அதாவது நீங்கள் புதன் மாலைக்குள் ஷீட்டைப் படித்து, மொழிபெயர்ப்பு வாங்கி, உச்ச விலையைச் சொல்லிவிட்டுப் படுக்கவேண்டும். மேடையில் ஒரு வண்டிக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். நடுவில் போன் செய்து யோசித்துச் சொல்ல நேரம் கிடையாது.

உச்ச விலையை மூன்றாவது படிக் கணக்கிலிருந்து எடுங்கள், ஆசையிலிருந்து எடுக்காதீர்கள். அதே மாடல், அதே தரம் கடந்த சில வாரங்களில் என்ன விலைக்குப் போனது என்ற பட்டியல் தரகரிடம் இருக்கும், கேட்டால் காட்டுவார். உங்கள் எண் அதைவிட மிகக் கீழே இருந்தால், மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருப்பதைவிடத் தரத்தையோ வருடத்தையோ ஒரு படி இறக்குவது நல்லது.

விலையை யென்னில் எழுதிக் கொடுங்கள். பூஜ்ஜியங்களை இரண்டு தரம் எண்ணுங்கள்.

நாலைந்து தடவை தோற்பது சாதாரணம். ஆறாவது தடவை கோபத்தில் உச்சத்தை ஏற்றிச் சொல்லுவீர்கள். அன்றைக்கு என்று பார்த்து ஜெயித்துவிடும்.

6. பணம் அனுப்புதல்

வென்றபின் சில நாட்களுக்குள் முழுத்தொகையும் போகவேண்டும். தாமதமானால் ஏற்பாடுகள் நின்று, வைப்புக் கட்டணம் ஏறும். யென் விகிதம் இடையில் அசையும் என்பதால் சில நூறு பவுண்ட் தனியே இருக்கட்டும்.

கணக்கு தரகர் நிறுவனத்தின் பெயரில் இருக்கவேண்டும், தனி ஆளின் பெயரில் இருந்தால் அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து வாயால் கேளுங்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள், அதை எழுதியவரே எடுப்பார்.

7. கப்பல்

ஓட்டிக்கொண்டு ஏற்றும் ரோரோ கப்பல்தான் மலிவு. கன்டெய்னருக்குக் கூலி அதிகம், அரிய வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும். ரோரோவில் வண்டிக்குள் வேறு சாமான் வைக்கக்கூடாது, டயர் செட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

2023 இறுதியிலிருந்து செங்கடல் ஆபத்தால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கின, பயணம் நீண்டது. தரகர் சொல்லும் தேதியை நம்பிப் பழைய காரை விற்றுவிடாதீர்கள். கடல் காப்பீடு கப்பல் மூழ்கினால் மட்டுமா, வண்டியில் அடிபட்டாலும் தருமா என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்.

இந்தக் காத்திருப்பில் மூன்று காகிதம் உங்களிடம் வரவேண்டும்: ரசீது, பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), ஏற்றுமதிப் பதிவுரத்துச் சான்று. கடைசியானதன் மூலப்பிரதி பிரிட்டனில் வண்டிகளைப் பதிவுசெய்யும் டிவிஎல்ஏவுக்குப் போகும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வாங்குங்கள்.

8. துறைமுகமும் நோவாவும்

கிளியரிங் ஏஜென்ட்டைக் கப்பல் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பிடித்துவிடுங்கள். வண்டி இறங்கியபின் தேடினால் நாள் வாடகை ஓடும். அவர் சுங்க அறிவிப்பைச் செய்து, நீங்கள் வரியைக் கட்டி, விடுவிப்பு வாங்குவார்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். வண்டி நாட்டுக்குள் வந்த 14 நாட்களுக்குள் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு, வண்டி வந்துவிட்டது என்று சொல்லும் நோவா அறிவிப்புத் தனியாகப் போகவேண்டும். நோவாவில் பச்சைக்கொடி இல்லாமல் டிவிஎல்ஏ பதிவே செய்யாது. ஏஜென்ட் செய்துவிட்டாரா, நீங்கள் செய்யவேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நான் கூட இருந்த ஆறில் இரண்டு பதிவு இந்த ஒரு காரணத்தால் திரும்பி வந்தது.

வண்டியை எடுக்கும்போது துறைமுகத்துக்குள்ளேயே நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே வந்தபிறகு காட்டும் அடியை யாரும் ஏற்கமாட்டார்கள். பாட்டரி செத்திருக்கும். வீல் லாக் நட்டின் சாவி காணாமல் போயிருக்கும், அல்லது உதிரி டயர் பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கும்.

9. எம்ஓடி

ஜப்பானும் இடதுபக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஹெட்லைட்டை மாற்றவேண்டாம். ஆனால் பின்பக்க ஃபாக் லைட் பெரும்பாலும் இருக்காது. நடுவிலோ ஓட்டுநர் பக்கத்திலோ ஒன்று மாட்டி, உள்ளே எரிகிற குறிவிளக்கும் வைக்கவேண்டும். மீட்டர் கிலோமீட்டரில் இருக்கும், அதை மைலில் காட்டும்படி மாற்றுங்கள். டயர் தேயாவிட்டாலும் வெடிப்பு விட்டிருக்கலாம், பக்கவாட்டைப் பாருங்கள்.

எம்ஓடியை சேசிஸ் எண்ணில் செய்வார்கள். முன்பதிவு செய்த எம்ஓடிக்கு வரியில்லாமல் ஓட்டிப் போகலாம், ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் முடியாது. முதல் படியில் சேசிஸ் எண் காப்பீட்டைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான். சோதகர் சான்றில் அடிக்கும் சேசிஸ் எண்ணை அங்கேயே நின்று சரிபாருங்கள். ஒரு எழுத்து பிசகினால் அடுத்த படியில் ஒரு மாதம் போகும்.

10. டிவிஎல்ஏ பதிவு

அனுப்பவேண்டியவை: வி55/5 என்ற பதிவுப் படிவம், 55 பவுண்ட் பதிவுக் கட்டணம், வாகன வரி, எம்ஓடி, ஜப்பானியச் சான்றும் மொழிபெயர்ப்பும், உங்கள் அடையாளச் சான்றின் நகல். அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள், தபாலைப் பதிவாக அனுப்புங்கள். ஜப்பானியச் சான்றின் மூலப்பிரதி தொலைந்தால் இன்னொன்று வாங்குவது பெரும்பாடு.

வி5சி என்ற லாக்புக் (பதிவுச் சான்று) வந்ததும் எஞ்சின் அளவு, எரிபொருள், முதல் பதிவுத் தேதி மூன்றையும் பாருங்கள். ஹைப்ரிட்டை வெறும் பெட்ரோல் என்று அடித்திருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். அந்த லாக்புக் கையில் வந்தபின்தான் யூலெஸ் ஆதாரத்தை அனுப்ப முடியும். பதில் வரும்வரை லண்டனுக்குள் ஓட்டும் நாட்களுக்குக் கட்டணம் கட்டிவிடுங்கள், பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் அடிப்பக்கத்துக்கு அண்டர்சீல் (துருத்தடுப்புப் பூச்சு) அடித்துவிடுங்கள், நம் சாலைகளிலும் உப்புதான். வானொலி பெரும்பாலும் 76 மெகாஹெர்ட்ஸிலிருந்து 90 அல்லது 95 வரைதான் பிடிக்கும், பேண்ட் எக்ஸ்பாண்டர் மாட்டினால் உள்ளூர் நிலையங்கள் கேட்கும். ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஒரு பெண் குரல் ஜப்பானியத்தில் பணிவாக ஏதோ சொல்லும். வண்டியில் கோளாறு என்று பயந்து என்னை நள்ளிரவில் அழைத்தவர்கள் உண்டு. சுங்கச்சாவடி அட்டை செருகவில்லை என்கிறது, அவ்வளவுதான். அந்தச் சின்னப் பெட்டி பெரும்பாலும் கையுறைப் பெட்டிக்குள்ளோ ஸ்டியரிங்குக்குக் கீழேயோ இருக்கும், வயரைக் கழற்றிவிடுங்கள்.